ஆல்பிரட் வெகெனர்

ஒருவரையொருவர் அறியாத பல சாட்சிகள் ஒரே விஷயத்தைக் கூறும்போது, சம்பவம் எவ்விதம் நிகழ்ந்தது என்பது விளங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த நியாயாதிபதியும் வழக்கைத் தள்ளிவிட மாட்டார். சாஸ்திர உலகமோ இந்தச் சாதாரண நியாயத்தை ஓர் அறிஞருக்கு அவர் ஜீவித்திருந்தவரை வழங்க மறுத்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று கூறிய ஆல்பிரட் வெகெனரே அவ்வறிஞர்.

வெகெனர் 1880-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பெர்லினில் ஒரு பாதிரியாரின் புதல்வராகப் பிறந்தார். 1905-ல் வான சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் மனம் காற்றையும் பனியையுமே நாடியது. 1906-ல் கிரீன்லாந்துக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார். 1912 ஜனவரியில் பிராங்பர்ட் நகரில் தமது கொள்கையை முதன்முதலாக வெளியிட்டார். மகாயுத்தத்தில் காயமுற்று ஓய்விலிருந்தபோது அதை விரிவாக எழுதி, 1915-ல் நூலாகப் பிரசுரித்தார்.

அவர் கொணர்ந்த சாட்சியங்கள் சாமானியமானவையல்ல. மெசோசாரஸ் என்னும் சிறு ஊர்வனவின் எலும்புகள் தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே பாறைகளில் பதிந்து கிடக்கின்றன. அப்பிராணி பெருங்கடலை நீந்திக் கடந்திருக்க முடியாது. கிளாஸாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் இலைகளோ இந்தியாவிலும், தெற்கிலுள்ள மற்றக் கண்டங்களிலும் அகப்படுகின்றன. வெயில் கொளுத்தும் நமது ஒடிஷாவிலுள்ள தால்சேரில், பனிப்பாறைகள் இழுத்துவந்த கற்கள் இருக்கின்றன. இந்நிலங்களையெல்லாம் தென் துருவத்தையொட்டி ஒன்றுசேர்த்து வைத்துப் பார்த்தால், சிதறிய பனித்தடங்கள் ஒரே பனிப்பரப்பாகப் பொருந்துகின்றன.

பாறை எவ்வாறு நகரும் என்று கேட்டவர்களுக்கு அவர் ஸ்காண்டிநேவியாவைக் காட்டினார். பண்டைக்காலப் பனியின் பாரத்தால் அமிழ்ந்த அந்நிலம், பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் மேலெழுந்து வருகிறது. சில கரைகளில் இன்றும் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயருகிறது. எனவே, அடியிலுள்ள கெட்டியான பாறையும் நீண்ட காலத்தில் குழம்பைப்போல் பாய்கின்றது. மேலும் கீழும் அசையும் நிலம் பக்கவாட்டில் மட்டும் அசையாதா என்பது அவர் வாதம்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. கண்டங்களை நகர்த்துவதாக வெகெனர் கூறிய சக்திகள் அதற்குச் சிறிதும் போதா என்று இங்கிலாந்தின் ஜெப்ரீஸ் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு சரியே. கிரீன்லாந்து வருஷத்துக்குப் பல மீட்டர் விலகுவதாக வெகெனர் கருதியதும் பிசகே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காரணம் பிழையாகவே, காரியமும் பொய் என்று பண்டிதர்கள் தீர்ப்பளித்துவிட்டனர். அவர் பூகர்ப்ப சாஸ்திரியல்லர் என்பதும் ஒரு குற்றமாயிற்று. பூமியின் உட்புற உஷ்ணத்தால், உலைநீரைப்போல் பாறையும் மெதுவாக மேலெழுந்து கீழிறங்குகிறது என்றும், அவ்வோட்டமே கண்டங்களைச் சுமந்து செல்லலாம் என்றும் ஆர்தர் ஹோம்ஸ் 1920-களின் இறுதியில் கூறியதையும் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

1930-ல் கிரீன்லாந்தின் நடுவே பனியில் தங்கியிருந்த தோழர்களுக்கு உதவச் சென்ற வெகெனர், தமது ஐம்பதாவது பிறந்த நாளன்று அங்கிருந்து திரும்பினார், வழியில் மாண்டார். அவரை மரியாதையுடன் அடக்கம் செய்த கிரீன்லாந்துத் தோழர் வில்லும்செனும் கரை சேரவில்லை.

1960-களில் கடலடி மலைத்தொடர்களின் இருபுறமும் பாறைகளில் பதிந்திருந்த காந்த வரிகள், கடற்றளம் விரிவதை ருசுப்படுத்தின. பூமியின் மேலோடு பல தட்டுகளாக நகர்வதும், குளிர்ந்து கனத்த தட்டுகள் உள்ளே அமிழும்போது மற்றப் பகுதியை இழுப்பதும் பின்னர் விளங்கின. தெற்கிலிருந்து வந்த இந்தியா, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியதாலேயே இமயம் எழுந்தது.

வெகெனர் கூறிய காரணத்தை மறுத்தவர்கள் தவறிழைக்கவில்லை. அவர் திரட்டிய ஆதாரத்தை மறுத்தவர்களே தவறினர். பதவியும் பாண்டித்யமும் எவ்வளவு உயர்ந்தவையாயினும், கண்முன் கிடக்கும் சாட்சியத்துக்கு மேலானவையல்ல. பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இதை மறவாதிருப்பார்களாக.