ஓசையில் இசை தேடியவர்

இசை என்றவுடன் குரலும் குழலும் யாழும் முழவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓடும் தொடர்வண்டியின் ஓசையும் இசையாகுமா? இவ்வினாவுக்கு விடை தேடியே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பியேர் ஷேஃபர்.

இளமையும் கல்வியும்

ஷேஃபர் பிரான்சு நாட்டின் நான்சி நகரில் 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் பிறந்தார். தந்தை வயலின் கலைஞர், தாய் பாடகி. இசை நிறைந்த இல்லத்தில் வளர்ந்தபோதும் அவர் கற்றது பொறியியலே. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற எக்கோல் பொலிடெக்னிக் கல்லூரியில் பயின்று, 1936இல் அந்நகர வானொலியில் பொறியாளராகப் பணியேற்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸ் செர்மானியர் வசமிருந்தது. அக்காலத்தில் ஷேஃபர் வானொலியில் சோதனைக் கலையகம் ஒன்றை நிறுவினார். அது விடுதலை வீரர்களுக்கு மறைவிடமாகவும் உதவியது. 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றபோது, அச்செய்தியை ஒலிபரப்பியதும் அக்கலையகமே.

தொடர்வண்டி தந்த இசை

1948இல் ஷேஃபர் பாரிஸின் பத்திஞோல் தொடர்வண்டி நிலையத்தில் நீராவி எந்திரங்களின் ஓசைகளை இசைத்தட்டில் பதிவுசெய்தார். தட்டில் ஒலி சுருள்வடிவத் தடமாகப் பதியும். அத்தடத்தை ஒரே வட்டமாக மூடிவிட்டால், ஊசி அதிலேயே சுற்றிச்சுற்றி வரும். ஒரே ஒலித்துணுக்கு மீண்டும் மீண்டும் ஒலிக்கும். முதலில் தொடர்வண்டியை நினைக்கும் செவி, சிறிது நேரத்தில் வண்டியை மறந்து தாளத்தை மட்டுமே உணரும்.

மணியோசையின் தொடக்கத்தை நீக்கி எஞ்சியதை மட்டும் ஒலிக்கச் செய்தார். மணி, மணியாக ஒலிக்காமல் குழல்போல ஒலித்தது. ஓர் ஒலியை அதன் பிறப்பிடத்திலிருந்து பிரித்துக் கேட்கலாம் என்பதை இச்சோதனைகள் அவருக்கு உணர்த்தின.

இவ்வாறு உருவான ஐந்து படைப்புகள் 1948 அக்டோபர் 5ஆம் நாள் வானொலியில் ஒலித்தன. தாளில் எழுதிய சுரங்களிலிருந்து தொடங்காமல், பதிவான ஒலிகளிலிருந்தே தொடங்கிய அப்புதுமுறைக்கு ‘மியூசிக் கோங்கிரெட்’ என்று பெயரிட்டார். ‘மெய்யொலி இசை’ என்று அதனைத் தமிழில் கூறலாம்.

எதிர்ப்பும் ஆய்வும்

இளம் இசைஞர் பியேர் ஆன்றி அவருடன் இணைந்தார். காலடியோசை, மூச்சொலி, சீழ்க்கை, மனிதக் குரல் ஆகியவற்றைக் கொண்டு இருவரும் அமைத்த ‘ஒற்றை மனிதனுக்கான சிம்பொனி’ 1950இல் அரங்கேறியது. மெசியான், பூலேஸ், ஸ்டாக்ஹவுசன் முதலிய இசையறிஞர்களும் ஷேஃபரின் கலையகத்தில் பணிபுரிந்தனர்.

ஆயினும் எல்லோரும் வரவேற்கவில்லை. 1953இல் செர்மனியின் டோனவெஷிங்கன் இசைவிழாவில் அவர்களது இசைநாடகம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஷேஃபர் ஆய்வை நிறுத்தவில்லை. திரைக்குப் பின்னிருந்து பிதாகரஸ் பாடம் சொன்னதாகக் கூறும் பழங்கதையை எடுத்துக்காட்டி, மூலத்தைக் காணாது ஒலியை மட்டும் கூர்ந்து கேட்கும் முறையை விளக்கினார். பல்லாண்டு ஆய்வின் பயனாக அவருடைய பெருநூல் 1966இல் வெளிவந்தது.

தம்மையே ஐயுற்றவர்

முதுமையில் ஷேஃபர் தம் பணியைத் தாமே கடுமையாக மதிப்பிட்டார். பழைய சுரங்களுக்கு அப்பால் உண்மையான இசையைத் தாம் கண்டடையவில்லை என்றே கருதினார். வழிகாட்டி என்று பிறர் போற்றியபோதும் அவர் அக்கருத்தை மறைக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்று பதிவொலித் துணுக்குகளைக் கணினியில் வெட்டி ஒட்டி இசையமைப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. தோல்வி என்று அவர் எண்ணிய முயற்சியே பலருக்குப் பாதையாயிற்று. அவர் எழுப்பிய வினாவோ இன்னும் நம் செவிகளின் விடைக்குக் காத்திருக்கிறது.

சொற்பொருள்

முழவு – மத்தளம் போன்ற தாளக்கருவி
சீழ்க்கை – உதடு குவித்து எழுப்பும் ஒலி
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்

பயிற்சி

1. மூடிய தடத்தில் ஊசி சுற்றும்போது செவி எதனை மறக்கிறது? எதனை உணர்கிறது?
2. மணியோசை குழலோசைபோல மாறியது எவ்வாறு?
3. ஷேஃபர் தம் பணியைப் பற்றிக் கொண்ட கருத்து சரியானதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. கண்களை மூடி, உம் வகுப்பறையில் கேட்கும் ஒலிகளைப் பட்டியலிடுக.