ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

நாம் இந்த நாட்டுக்கு வந்து டப்ளினில் முதன்முதலில் வாடகைக்கு இருந்தது ஒரு டூப்ளெக்ஸ் வீட்டின் இடது பாதியில். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு வாசற்கதவு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் பிறந்து வளர்ந்த எமது தாயார், இதை வீடென்று சொல்வதா அரை வீடென்று சொல்வதா எனக் கடைசிவரை தீர்மானிக்கவில்லை. ஊரில் விட்டுவந்த வீட்டின் உறுதி ஒரு பொலித்தீன் பைக்குள் அவருடைய பெட்டியின் அடியில் இருந்தது. வீடு நிற்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியாது. உறுதி மாத்திரம் பத்திரமாக இருந்தது. கணக்காளராகிய நாம் அதைச் சொத்து என எழுதுவதா நட்டம் என எழுதுவதா என்று பல தடவை யோசித்ததுண்டு.

அந்த நாட்களில் பொது நூலகத்தில் எடுத்துப் படித்தவற்றுள் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களின் வாழ்க்கை வரலாறும் ஒன்று. அவர் பெயரைக் கேள்விப்படாத ஈழத்தவர் இல்லை. கொழும்பில் முன்பு கிறீன் பாத் என வழங்கிய வீதிக்குப் பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அவர் குடியிருந்த வீட்டைப் பற்றி எம்மவரில் பலர் அறியார். அதுவும் ஒருவகையில் இரட்டை வீடுதான். இம்முறை அவர் கதையை அந்த வீட்டை வைத்தே சொல்ல விரும்புகிறோம்.

அவர் பிறந்தது கொழும்பில், 1877 ஓகஸ்ட் 22 ஆம் திகதி. தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி இங்கிலாந்தில் பாரிஸ்டரான முதல் இந்து. 1874 இல் சேர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் புதல்வர்கள். ஆகவே இருவரும் ஆனந்தருக்கு அத்தான் முறை. தாயார் எலிசபெத் பீபி இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். பிள்ளையின் பெயரிலேயே கென்ரிஷ் என்று அந்த ஊரையும் சேர்த்துவிட்டார்கள். இரண்டு ஊரும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன.

குழந்தைக்கு இரண்டு வயது ஆகுமுன்பே தாயும் பிள்ளையும் இங்கிலாந்து சென்றிருந்தார்கள். பின்னால் வரவிருந்த தந்தையார் 1879 இல் கப்பல் ஏறுமுன் கொழும்பில் காலமானார். அதன்பின் பிள்ளை முழுக்க முழுக்க ஆங்கிலச் சூழலில் வளர்ந்தார். வைக்கிளிஃப் கல்லூரியில் படிப்பு, பின் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும். எமது பெற்றோர் கேட்டால் மகிழக்கூடிய பாடங்கள். வேலையும் அதற்கேற்றபடியே கிடைத்தது: 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் பணிப்பாளர். தோரியனைற் என்ற கனிமத்தை இனங்கண்டவர் அவரே. 1906 இல் லண்டன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கல்லைத் தேடிப் போனவரின் கண்ணில் பட்டது வேறொன்று. மனைவி எதெல் பார்ட்றிஜ் அம்மையாருடன் மாட்டுவண்டியில் கண்டிப் பகுதிக் கிராமங்களில் அலைந்தபோது, தச்சர், கன்னார், நெசவாளர், ஓவியர் எல்லோரும் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். இறக்குமதித் துணியும் தகரமும் வந்த இடத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. மேல்நாட்டு உடைமோகத்தைக் கண்டித்து எழுதினார். பழைய கட்டடங்களைக் காக்கும்படி கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். சமூகச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கினார். பேசியதுடன் நிற்காமல், கண்டதையெல்லாம் அவர் குறித்துக்கொள்ள, அம்மையார் படம் பிடித்துக்கொண்டார்.

1907 இல் இந்தக் குறிப்புகளோடும் படங்களோடும் அவர்கள் குடிபுகுந்த வீடுதான் நாம் சொல்ல வந்தது.

இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் குன்றுப்பகுதியில், சிப்பிங் காம்டன் என்ற சிறு பட்டினத்துக்கு அருகே புரோட் காம்டன் என்றொரு கிராமம். அங்கே 12 ஆம் நூற்றாண்டில் நோர்மானியர் கட்டிய சிறு தேவாலயம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அது வழிபாடு ஒழிந்து குடியிருப்பாகி, பின் அதுவும் இல்லாமல் பாழடைந்து கிடந்தது. குமாரசுவாமி அவர்கள் அதை வாங்கினார். திருத்தியமைத்தவர் சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர். இவர் 1902 இல் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து தம் கைவினைஞர் சங்கத்தையே குடும்பம் குடும்பமாக இந்தப் பட்டினத்துக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியவர். ஆலைப் பொருளுக்கு எதிராகக் கைத்தொழிலை வாழவைக்கலாம் என நம்பிய கூட்டம் அது. வரவு செலவு அவர்களைக் கைவிட்டது. 1908 அளவில் சங்கம் மூடப்பட்டது. எமது தொழிலில் இப்படியான ஐந்தொகைகளை நிறையப் பார்த்திருக்கிறோம், ஆனால் இதைப் படிக்கும்போது மனம் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது.

ஆஷ்பி செய்த வேலை 1905 முதல் 1907 வரை நடந்தது. பாழடைந்த கோயிலை இடித்துவிட்டுப் புதுவீடு கட்டுவது மலிவாக இருந்திருக்கும். அல்லது உடைந்ததையெல்லாம் நோர்மானியர் காலத்தது போலப் போலியாகச் செதுக்கி ஒட்டியிருக்கலாம். அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆஷ்பி இரண்டையும் செய்யவில்லை. பழைய சுவர்களை நிற்க நிற்கவே பழுதுபார்த்து, அவற்றை ஒட்டி அதே பகுதித் தேன்நிறச் சுண்ணாம்புக்கல்லில் புதிய பகுதியொன்றைச் சேர்த்தார். பழையது எது, புதியது எது என்று பார்த்தால் தெரியும். எண்ணூறு வருட இடைவெளியுள்ள இரு பாதிகள் ஒரே வீடாகின. எமது ஊர்களில் பழைய கருவறையைத் தட்டிவிட்டுச் சீமெந்தில் எழுப்பிப் பளிச்சென்று வர்ணம் பூசும் திருப்பணிச் சபையினர் இந்த இடத்தைச் சற்று நின்று படிப்பது நல்லது.

அந்த வீட்டில் அச்சுக்கூடம் ஒன்றும் வந்து சேர்ந்தது. வில்லியம் மொறிஸ் தமது புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட கைப்பொறி, அவர் காலத்தின்பின் ஆஷ்பியிடம் போய், கடைசியில் குமாரசுவாமி அவர்களின் பொறுப்புக்கு வந்தது. 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, ஒரு வருடத்துக்கு மேலாக, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் அதில்தான் தாள்தாளாக அச்சேறியது. மொத்தம் 425 பிரதிகள். ஆங்கிலேயக் கிராமம் ஒன்றில், நோர்மானியக் கோயிலுக்குள், யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரின் மகன், கண்டிக் கம்மாளரின் கருவிகளையும் கைநுட்பங்களையும் சாதிவழமைகளையும் பதிவுசெய்தார். அக்காலத்தில் அந்தக் கம்மாளரைப் பற்றி அவ்வளவு அக்கறையுடன் எழுத வேறொருவர் முன்வரவில்லை.

எமது இளைஞரில் சிலர் இதைக் கேட்டுவிட்டு முகம் சுளிப்பதுண்டு. தமிழரான அவர் தமிழ்க்கலைக்கல்லவா முதல் நூல் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். 1983 ஐக் கண்ட எமக்கும் அந்த உணர்ச்சி விளங்காததல்ல. எனினும் கண்டியின் கடைசி அரசர்கள் தென்னிந்திய நாயக்கர் வழியினர் என்பதையும், அக்கலையில் தென்னாட்டுக் கை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் அந்த நூலிலேயே அவர் மறைக்காமல் காட்டுகிறார். அழிந்துகொண்டிருந்ததை யாருடையது என்று பார்க்காமல் எழுதிவைத்தார். எமக்கு அது சரியென்றே படுகிறது.

சைவர்களுக்கு அவர் செய்த கைமாறும் பின்தங்கவில்லை. 1912 இல் சென்னைச் சித்தாந்த தீபிகையில் அவர் எழுதிய சிவநடனம் பற்றிய கட்டுரை, 1918 இல் நியூயோர்க்கில் அதே பெயருள்ள நூலாகி உலகெங்கும் போயிற்று. திருமூலரையும் உண்மை விளக்கத்தையும் ஆதாரமாக வைத்து, தூக்கிய திருவடியும் உடுக்கையும் தீயும் எதைக் குறிக்கின்றன என்று மேல்நாட்டாருக்கு விளங்கவைத்தார். 2004 இல் ஜெனீவாவில் உள்ள அணுத்துகள் ஆய்வுக்கூடத்துக்கு இந்திய அரசு நடராசர் சிலையொன்றை வழங்கியபோது, அதன் அடியில் உள்ள பலகையிலும் அவர் எழுத்தே இடம்பெற்றது. எமது பிள்ளைகள் கற்கும் அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் தந்தவர்களில் ஒருவரும் அவரே. அது 1917 இல் வெளிவந்தது.

வீட்டு வாழ்க்கை நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கணவனும் மனைவியும் பிரிந்தனர். எதெல் அம்மையார் மறுமணம் செய்து எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறி நெசவாளராக விளங்கினார். அவர் பயன்படுத்திய இயற்கைச் சாயங்களின் பின்னால் இலங்கையில் கண்டவையும் உண்டு. வீட்டில் பின்னர் ஆஷ்பி குடும்பத்தினரே வந்து வசித்தனர். பிறருக்காகத் திருத்திய வீட்டில் கட்டியவரே குடியிருக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆஷ்பி 1909 இல் எமது கலிபோர்னியாவுக்கும் வந்து, பசடேனாவில் கிறீன் சகோதரர்களின் மரவேலையைக் கண்டு வியந்து சென்றவர் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

குமாரசுவாமி அவர்கள் இந்தியாவெங்கும் அலைந்து ராஜபுத்திர ஓவியங்களைத் திரட்டினார். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் எழுப்புவதானால் அனைத்தையும் தந்துவிடுவதாகக் கேட்டுப்பார்த்தார். பணம் சேரவில்லை. இதற்கிடையில் முதலாம் உலகப்போர் வந்தது. இந்தியா அடிமையாக இருக்கும்போது பிரித்தானியப் படையில் சேர முடியாது என்று மறுத்தவர், 1917 இல் அமெரிக்காவுக்கு வந்து பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப்பகுதியின் முதற் பொறுப்பாளரானார். அவருடைய சேகரிப்பை டென்மன் ரொஸ் என்ற செல்வந்தர் வாங்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

இது சரியா என்ற கேள்வி இன்று எழாமல் இராது. அரியலூர் மாவட்டத்துச் சிறிபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசர் அவுஸ்திரேலியாவிலிருந்து 2014 இல் திரும்பி வந்ததை நாமெல்லாம் மகிழ்ந்து பார்த்தோம். களவும் விலைக்கு வாங்கிய ஓவியமும் ஒன்றல்ல என்று கணக்குப் புத்தகம் சொல்லும். ஆனாலும் அந்த ஓவியங்கள் பிறந்த மண்ணில் இல்லை என்பதும் உண்மை. அவர் முதலில் கதவைத் தட்டியது எம்மவரிடம். திறக்காத கதவுக்கு அவரை மட்டும் பொறுப்பாக்க எமக்கு மனம் வரவில்லை.

பொஸ்டனில் முப்பது வருடம். பட்டினத்துக்கு வெளியே நீடம் என்ற ஊரில் வீடும் தோட்டமும் நூல்களும். வேதங்களையும் பிளேட்டோவையும் ஒரே மேசையில் வைத்து அவர் எழுதிய கடினமான கட்டுரைகள் இந்தக் காலத்தவை. அவற்றில் பாதி எமக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1947 ஓகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதம் 22 ஆம் திகதி அவருக்கு எழுபது வயது. நண்பர்கள் கொடுத்த விருந்தில், மனைவி லூயிசா அம்மையாருடன் இந்தியா திரும்பி இமயத்தின் அருகே வாழப்போவதாக அறிவித்தார். பதினெட்டாம் நாள், செப்டெம்பர் 9 ஆம் திகதி, நீடம் வீட்டில் உயிர் பிரிந்தது.

சில வருடங்களுக்கு முன் லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் காரில் புரோட் காம்டன் சென்றோம். சட்டப்படி பாதுகாக்கப்படும் கட்டடமாயினும் அது தனியார் குடியிருக்கும் வீடு. உள்ளே போக முடியாது. ஒழுங்கையில் நின்றே பார்த்தோம். மழை தூறியது. உடன்வந்த எமது மருமகள், இது யாருடைய வீடு மாமா என்று கேட்டாள். எங்கட ஆள் ஒருவர் இருந்த வீடு என்றோம். எந்தப் பக்கத்தில் இருந்தவர், பழைய பக்கத்திலா புதிய பக்கத்திலா என்று அடுத்த கேள்வி வந்தது. இரண்டிலும்தான் என்று சொல்லி, மழை பலக்குமுன் காருக்குத் திரும்பினோம்.