சுப்பாராவ் கண்ட ஆற்றல்

திருத்தணிகை மலைமேல் எழுந்தருளியுள்ள முருகப் பெருமானை வழிபட விழைவோர் 365 படிகளை ஏறிச் செல்வர். விரைந்து ஏறுவோர்க்கு நெஞ்சு படபடக்கும்; மூச்சு வாங்கும். இஃது ஏன்? கால்களின் தசைகள் மிகுதியாக உழைக்கும்போது அவற்றிற்குப் பிராணவாயுவும் உணவுச்சத்தும் மிகுதியாக வேண்டப்படும். அவற்றைக் குருதியின் வழியே கொண்டு சேர்க்கவே இதயம் விரைந்து துடிக்கின்றது.

இதயம் கைப்பிடியளவினதாகிய ஒரு தசைப்பை. நான்கு அறைகளை உடையது. உடலெங்கும் சென்று மீண்ட குருதி வலப்புற அறைகளை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று பிராணவாயுவைப் பெறும். பின்னர் இடப்புற அறைகளுக்கு வந்து, தமனிகளின் வழியே உடலெங்கும் பாயும். நாம் ஓய்ந்திருக்கும்போதும் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடித்து, 5 லிட்டர் அளவு குருதியைச் செலுத்துகின்றது. ஒரு நாளில் ஓர் இலட்சம் முறை துடிக்கும் இவ்வுறுப்புக்கு ஆற்றல் தருவது யாது? இவ்வினாவுக்கு விடை காண வழி வகுத்தவருள் ஒருவர் சென்னையில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இவர் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் இவரது கல்வி இடர்ப்பட்டது. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தமையால் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார். எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது. எனினும் மனந்தளராது, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராயினார்.

1922ஆம் ஆண்டில், உற்றாரும் அறநிலையத்தாரும் அளித்த பொருளுதவியுடன் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் இரவுப் பணியாளராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கே சைரஸ் பிஸ்கே என்னும் அறிஞரோடு இணைந்து, உடலிலுள்ள பாஸ்பரசின் அளவைக் கண்டறியும் எளிய முறையொன்றை 1925இல் வெளியிட்டார். அம்முறையின் துணையால் தசைகளை ஆராய்ந்தபோது, 1927இல் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளும், 1929இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டும் புலப்பட்டன. அதே 1929ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் லோமன் என்பாரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டார். தசை சுருங்குவதற்கு நேரே ஆற்றல் தருவது ஏ.டி.பி.யே என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

இதயத் தசையும் இப்பொருளாலேயே இயங்குகின்றது. ஆயின், அங்குள்ள ஏ.டி.பி. சில நொடிகளுக்கே போதுமானது. ஆதலின் அது இடைவிடாது புதிதாக உண்டாக வேண்டும். அதற்குப் பிராணவாயு இன்றியமையாதது. இதயத்திற்குக் குருதி தரும் தமனிகளில் கொழுப்புப் படிந்து, குருதி உறைந்து அடைத்துக்கொண்டால், அப்பகுதித் தசை ஆற்றல் இழந்து மடியும். இதுவே மாரடைப்பு. நெஞ்சில் இறுக்கமும், இடக்கைக்குப் பரவும் வலியும், வியர்வையும் தோன்றின், நொடியும் தாழ்த்தாது மருத்துவமனையை நாடல் வேண்டும். புகைபிடித்தல், மிகுந்த குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவை இந்நோயை வளர்ப்பன. இளமையில் தொண்டை நோயைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலோ இதயத்தின் அடைப்பிதழ்களைப் பழுதாக்க வல்லது. எனவே சிறுவரும் தொண்டை நோயைப் புறக்கணித்தல் கூடாது.

இத்துணைப் பெரிய கண்டுபிடிப்பில் பங்கு கொண்டும், ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1940இல் அவர் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் உழைத்த குழுவினர், குருதிச் சோகைக்குப் பயன்படும் போலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். யானைக்கால் நோயைத் தடுக்கும் மருந்தையும் கண்டனர். அம்மருந்து இன்றும் நம் நாட்டில் வழங்கப்படுகின்றது.

தாயகம் திரும்பாமலே, 1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53ஆம் அகவையில், நியூயார்க்கில் இதயம் நின்று சுப்பாராவ் மறைந்தார். தசைக்கு ஆற்றல் தரும் பொருளைக் கண்டவரின் இதயம் இளமை கழியுமுன் ஓய்ந்தது வருந்தத்தக்கதே. 1995இல் அவரது நூற்றாண்டை முன்னிட்டு இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. புகழை நாடாது அவர் ஆற்றிய பணியின் பயன் நாடெங்கும் நோயுற்றோரைச் சென்றடைகின்றது. தேர்வில் தவறிய மாணவர் எவரும் சுப்பாராவின் வாழ்வை நினைந்து ஊக்கம் கொள்க. ஓயாது உழைக்கும் தம் இதயத்தையும் இளமை தொட்டே பேணுக.