தஞ்சையைத் தாயகமாக்கிய சுவார்ட்ஸ் ஐயர்

முன்னுரை

தலைவன் பிரிவிற்குரிய காரணங்களுள் ஓதலையும் தூதையும் பொருளையும் தொல்காப்பியர் எண்ணியுள்ளார். கடல் கடந்து செல்வோர் பயணத்தின் நோக்கங்கள் இன்றும் பெரும்பாலும் இவற்றுள் அடங்கிவிடுகின்றன. சமயப் பணிக்கெனச் சில திங்களோ சில ஆண்டுகளோ அயல்நாடு செல்லும் கிறித்தவ இளைஞர்கள் இன்று பலர் உள்ளனர். கடவுச்சீட்டு, விசா, தடுப்பூசி, பயணச்செலவு என அவர்தம் ஆயத்தங்கள் விரிகின்றன. இவற்றிற்கும் அப்பாற்பட்ட ஆயத்தம் ஒன்று உண்டு. செல்லும் நாட்டு மக்களின் மொழியையும் மனத்தையும் அறிந்துகொள்ளுதலே அது. அதனைச் செவ்வனே செய்தமையால் இந்துக்கள், இசுலாமியர், கிறித்தவர் ஆகிய மூவர் நம்பிக்கையையும் பெற்றவர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் (1726-1798). காவிரி பாயும் தஞ்சைத் தரணியோடு இரண்டறக் கலந்த அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

சுவார்ட்ஸ், பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் 1726 அக்டோபரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. இளமையிலேயே அன்னையை இழந்தார். மகனை இறைபணிக்கென வளர்க்க வேண்டும் என்பதே அவ்வன்னையின் இறுதி விருப்பம் என்பர். மேற்கல்வியின்பொருட்டு அவர் ஹாலே நகரை அடைந்தார். ஆகஸ்டு ஹெர்மன் பிராங்கே நிறுவிய கல்வி நிலையங்களால் புகழ்பெற்றது அந்நகர். 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கி, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயரும் ஹாலேயில் பயின்றவரே.

கடல் கடக்குமுன் கற்ற தமிழ்

தமிழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய பெஞ்சமின் ஷூல்ட்சே அப்போது ஹாலேக்குத் திரும்பியிருந்தார். தமிழ்த் திருமறையை அங்கு அச்சிடும் முயற்சி ஒன்று எழுந்தது. அச்சுப்படிகளைத் திருத்த உதவும்பொருட்டு, மாணவராயிருந்த சுவார்ட்ஸ் ஷூல்ட்சேயிடம் தமிழ் பயின்றார். அவ்வச்சுப்பணி நிறைவேறாது போயிற்று. கற்ற தமிழோ வீண்போகவில்லை. தரங்கம்பாடிக்குப் புதிய பணியாளர் வேண்டப்பட்டபோது அத்தமிழே அவரைத் தகுதியுடையவராக்கியது.

மகனைத் தொலைதூரம் அனுப்பத் தந்தை உடனே உடன்படவில்லை. சில நாள் சிந்தித்த பின்னரே வாழ்த்தி விடைகொடுத்தார். மகனும் தமக்குரிய குடும்பச் சொத்தின் பங்கை உடன்பிறந்தார்க்கே விட்டுக்கொடுத்தார். தாய்நாட்டிலேயே நல்ல பதவி ஒன்று தேடிவந்தபோதும் அவர் மனம் மாறவில்லை. 1749-இல் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்றார். தரங்கம்பாடி டேனியர் ஆட்சியில் இருந்தமையால் குருப்பட்டம் அந்நகரில் அளிக்கப்பட்டது. கப்பலுக்காக இலண்டனில் காத்திருந்த சில வாரங்களையும் வீணாக்காது ஆங்கிலம் கற்றார். பிற்காலத்தில் கும்பினியாரோடு வாதிட அவ்வாங்கிலமே அவர்க்குத் துணைநின்றது.

1750 ஜூலையில் அவர் கடலூரில் கரையிறங்கித் தரங்கம்பாடியை அடைந்தார். நான்கு திங்கள் கழித்து அங்குள்ள ஆலயத்தில் தமிழிலேயே அருளுரை ஆற்றினார். எனினும் தம் தமிழ் போதும் என்று அவர் அமைந்துவிடவில்லை. பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மழலைபோல் பேசிப் பழகினார். மக்கள் போற்றும் சமய நூல்களைப் பல்லாண்டு முயன்று கற்றார். பிறர் நம்பிக்கையை அறியாது அவரோடு உரையாடுதல் பயனற்றது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார் எனலாம்.

திருச்சியில் கற்ற பாரசீகம்

1762 முதல் அவர் பணி திருச்சிராப்பள்ளிக்கு விரிந்தது. அது ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியின் ஆட்சிக்குட்பட்ட நகர். அங்கு வாழ்ந்த இசுலாமியப் பெருமக்களோடு அவர்தம் மொழியிலேயே உரையாட விரும்பிப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். பின்னர்த் தஞ்சை அரண்மனையில் வழங்கிய மராத்தியையும் அறிந்துகொண்டார். மொழிபெயர்ப்பாளரை இடையே நிறுத்திப் பேசுவது வேறு. ஒருவர் முகம் நோக்கி அவர் மொழியில் பேசுவது வேறு. இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை அடுத்து வரும் நிகழ்ச்சி காட்டும்.

ஐதரலியின் அவையில்

1779-இல் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு, மைசூர் வேந்தர் ஐதரலியிடம் அமைதித் தூது செல்லுமாறு சுவார்ட்சை வேண்டினார். மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசவல்லவர் என்பதும் கைக்கூலிக்கு இணங்காதவர் என்பதும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள். அரசியல் பணி தமக்குரியதன்று என அவர் தயங்கினார்; போரைத் தவிர்க்க இயலுமாயின் அதுவும் இறைபணியே என்று எண்ணி இசைந்தார்.

சீரங்கப்பட்டணத்தில் ஐதரலி அவரை மதிப்புடன் வரவேற்றார். எழுதப் படிக்க அறியாத அவ்வேந்தர், ஒரே நேரத்தில் பல அலுவல்களை நினைவாற்றலால் நடத்தியதைச் சுவார்ட்ஸ் வியந்து பதிவு செய்துள்ளார். அவ்வரசில் ஒருவர் எச்சமயத்தவர் என்று எவரும் வினவுவதில்லை என்பதும் அவர் கண்ட உண்மை. ஐதரலியின் படையிலிருந்த ஐரோப்பியர்க்கும் தமிழர்க்கும் அவர் அங்கேயே வழிபாடு நடத்தினார், தடுப்பார் எவருமில்லை. சமயப் பொறைக்கு ஓர் இசுலாமிய வேந்தர் காட்டிய இச்சான்று நாம் நினைவில் நிறுத்தத்தக்கது.

வழிச்செலவுக்கென ஐதரலி அளித்த 300 ரூபாயை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது சென்னை அரசிடம் ஒப்படைக்க முனைந்தார். அரசு ஏற்க மறுத்தபோது தஞ்சையில் ஏழைச் சிறார் பள்ளிக்கு அதனை முதலாக்கினார். தூது பயன் தரவில்லை. 1780-இல் போர் மூண்டது. ஆயினும் இப்பாதிரியார்க்கு இடையூறு செய்யாது வழிவிடுமாறு ஐதரலி தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டார். தூது தோற்றும் தூதர்மீது கொண்ட நம்பிக்கை தோற்கவில்லை.

நெல்லும் நம்பிக்கையும்

1778 முதல் தஞ்சையே சுவார்ட்சின் உறைவிடமாயிற்று. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தி அங்கியும் சோறும் காய்கறியுமே அவர் வாழ்க்கைத் தேவைகள். ஐதரலியின் படையெடுப்பால் சோழவள நாடு பாழ்பட்டது. நெற்களஞ்சியமாம் தஞ்சையில் பசியால் மக்கள் மடிந்தனர். கோட்டைக்கு வெளியே நெல் இருந்தும் அதனைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்னர்க் கூலி மறுக்கப்பட்டமையால் குடிமக்கள் துளஜா மன்னரின் சொல்லையும் அதிகாரிகளின் சொல்லையும் நம்ப மறுத்தனர். சுவார்ட்ஸ் தாமே பொறுப்பேற்றுக் கூலி தருவதாக மடல் எழுதினார். ஓரிரு நாள்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. வாக்களித்தவாறே கூலியை அவர் தம் கையாலேயே வழங்கினார்.

அரண்மனை அதிகாரிகளின் கொடுமை தாங்காது 65,000 பேர் நாட்டைவிட்டு அகன்றதாக அக்காலக் கணக்கு கூறுகிறது. அரசு அழைத்தும் அவர்கள் திரும்பவில்லை. நீதி வழங்கப்படும் எனச் சுவார்ட்ஸ் உறுதி கூறியபோது ஒரே நாளில் 7,000 பேர் மீண்டனர். ஆனியில் தொடங்கவேண்டிய உழவுக்குரிய பருவம் கடந்து செப்டம்பர் வந்துவிட்டது. எனினும் அவர் சொல்லை ஏற்று இரவும் பகலும் பாடுபட்டு அவர்கள் நிலத்தைப் பண்படுத்தினர்.

கல்விப்பணியும் சரபோசியும்

தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்ற அவர் காரணராயிருந்தார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் அவரிடம் வளர்ந்த மாணவரே.

1787-இல் மரணப் படுக்கையிலிருந்த துளஜா, தாம் தத்தெடுத்த சரபோசிக்குக் காவலராயிருக்குமாறு சுவார்ட்சை வேண்டினார். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கிடையே தம்மால் காக்க இயலாதென அவர் மறுத்து, மன்னரின் தம்பி அமர்சிங்கைப் பரிந்துரைத்தார். அமர்சிங்கே அரியணை ஏற, சிறுவன் இருட்டறையில் அடைபட்டுக் கல்வியும் இழந்தான். தம் பரிந்துரை தந்த விளைவைக் கண்ட சுவார்ட்ஸ் வாளாவிருக்கவில்லை. கும்பினியாரிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார். சிறுவனின் உரிமைக்கு வாதிட்டார். 1793-இல் அவனைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தார். 1798-இல் அரியணை ஏறிய சரபோசி, சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த புலமை வேந்தராகத் திகழ்ந்தார். அவர் இறுதிவரை தம் சமயத்திலேயே நின்றார். ஆசான்மீது கொண்ட அன்பு அதனால் சிறிதும் குறையவில்லை.

மறைவு

மாணவர் முடிசூடுவதைக் காணாமலே சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13-இல் மறைந்தார். 48 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாய்நாடு திரும்பியதில்லை, மணம் புரிந்ததுமில்லை. அவர் கல்லறைக்குச் சரபோசி தாமே ஆங்கிலக் கவிதை இயற்றினார். இறுதிப் படுக்கையிலிருக்கும் ஆசானின் கையைச் சரபோசி பற்றி நிற்கும் பளிங்குச் சிற்பத்தைச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் வடித்தார். தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த சுவார்ட்ஸ் ஆலயத்தில் அதனை இன்றும் காணலாம்.

முடிவுரை

சுவார்ட்ஸ் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் ஏற்ற தூது கும்பினியாரின் நலனுக்கும் உரியதே. ஆயினும் நவாபும் வேந்தரும் உழவரும் அவரை நம்பியது அவர்தம் சமயத்தையோ நாட்டையோ கருதியன்று. சொன்ன சொல் தவறாமையைக் கருதியே என்பது தெளிவு. அந்நம்பிக்கையைப் பெறும் வாயிலாக அமைந்தது அவர் கற்ற மொழி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நம் மாணவர் பலர் செல்கின்றனர். சில திங்கள் தங்கச் செல்வோராயினும் நெடுங்காலம் வாழச் செல்வோராயினும், அந்நாட்டார் மொழியை விரும்பிக் கற்று, கொடுத்த வாக்கைக் காத்து ஒழுகுவாராயின் எங்கும் அயலாராகார் என்பதே சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.