அளவையில் நேர்மை கண்ட அறிஞர் சுப்பாராவ்

எலவனாசூர்கோட்டை போன்ற சிற்றூர்களிலிருந்து கள்ளக்குறிச்சி சென்று, குருதிச் சோதனைத் தாளைப் பெற்றுவரும் எளிய மனிதர், அதிலுள்ள எண்களை ஐயுறுவதில்லை. மருத்துவரும் அவ்வெண்களை நம்பியே மருந்தெழுதுகிறார். எண் பிழைத்தால் உயிரே பிழைபடும். அத்தகைய அளவையை நம்பத்தக்கதாக்க உழைத்த பெருமக்களுள் எல்லாப்பிரகட சுப்பாராவ் குறிப்பிடத்தக்கவர்.

1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். உடன்பிறந்தார் இருவரை ‘ஸ்புரூ’ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து பயின்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டத்தினும் குறைந்த தகுதிச் சான்றே பெற்றார். 1923இல் அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் கடைநிலைப் பணி செய்துகொண்டே ஹார்வர்டில் பயின்றார். பின்னர்த் தாயகம் திரும்பும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை.

ஆங்கே சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியருடன் இணைந்து, உடல்நீர்மங்களிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை உருவாக்கி 1925இல் வெளியிட்டார். குருதியிலுள்ள புரதத்தை நீக்கி, எஞ்சிய நீர்மத்தில் அமிலங்கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்து, ஒடுக்கும் பொருளொன்றை இட்டால் நீலநிறம் தோன்றும். அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு இந்நீலத்தை ஒப்பிட்டுப் பாஸ்பரஸின் அளவைக் கணிப்பர். கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் மாணவர் பயிலும் முறை இது.

முறையை வகுப்பதினும் அதனைச் சோதித்தறிதல் கடினம். தெரிந்த அளவு பொருளைக் கலந்தால் அவ்வளவும் கணக்கில் மீண்டு வருகிறதா, பிற பொருள்கள் குறுக்கிடுகின்றனவா என்றெல்லாம் ஆராய்தல் வேண்டும். தசைச்சாற்றைச் சோதித்தபோது நீலம் உரிய நேரத்தில் தோன்றாது மெல்ல மெல்லவே முதிர்ந்தது. வேறொருவராயின் பிழையெனக் கழித்திருப்பர். அவ்விருவரோ அத்தாமதத்தின் காரணத்தைத் தேடினர். அமிலத்தில் எளிதிற் சிதையும் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருள் 1927இல் வெளிப்பட்டது. உயிர்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யை 1929இல் தனித்துப் பிரித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் அதனைக் கண்டறிந்தார்.

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமையால் 1940இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்தது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. நம் ஊர்களில் யானைக்கால் நோயைத் தடுக்க வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும், புற்றுநோய் மருந்தாகிய மெதோட்ரெக்சேட்டும் அக்குழுவின் கொடைகளே. 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில் நியூயார்க்கில் மறைந்தார்.

நோபல் பரிசு அவரை நாடவில்லை. ஆயினும் எதிர்பார்த்த விடையோடு முரண்படும் அளவையும் உண்மையே பேசக்கூடும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. ஆய்வேட்டில் எதிர்பாராத எண்ணை அழித்து எழுதக் கை நீளும்போது, மாணவச் செல்வங்கள் அந்த நீலநிறத் தாமதத்தை நினைவிற் கொள்வார்களாக.