தொண்டைப் பாடமாக்கிய ஆசான்
உத்கலமணி கோபபந்து தாஸ்

பூரியில் ஸ்ரீ ஜகந்நாதரின் ரத யாத்திரையைத் தரிசிக்க ஆண்டுதோறும் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் திரளோடு காலராவும் நகருக்குள் நுழைந்தது. நோய் கண்டவர்களை உடன் வந்தவர்களே வழியில் கைவிட்டுச் செல்லும் அவலமும் நேர்ந்தது. அத்தகையோரைத் தேடிச் சென்று பணிவிடை செய்த இளைஞர்களுள் பூரி ஜில்லா பள்ளியின் மாணவர் ஒருவர் முன்னின்றார். அவரே பின்னாளில் ‘உத்கலமணி’ என்று ஒடிசா மக்களால் போற்றப்பட்ட கோபபந்து தாஸ்.

1877-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், பூரி மாவட்டத்தில் பார்கவி நதிக்கரையிலுள்ள சுவாண்டோ கிராமத்தில் அவர் பிறந்தார். பூரியில் படிக்கும்போது, பொதுத்தொண்டில் ஈடுபட்டிருந்த வழக்குரைஞர் ராமசந்திர தாஸின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. ஏட்டுக்கல்வியைப் பள்ளி அளித்தது. பிறர் துயரைத் தன் துயராகக் காணும் கண்ணை அந்தப் பெரியவரின் வாழ்க்கை அளித்தது. காலராவால் வாடியோருக்குப் போதிய உதவி கிட்டாததைக் கண்டு வருந்திய கோபபந்து, ‘பூரி சேவா சமிதி’ என்ற தொண்டர் குழுவைத் தொடங்கினார். அக்குழுவின் பணி வளர்ந்து, காலரா நோயாளிகளுக்கென நகரில் தனி மருத்துவமனை அமையவும் வழிகோலியது.

வெள்ளமும் ஒரு தந்தையின் சோதனையும்

பின்னர் கட்டாக் நகரின் ராவென்ஷா கல்லூரியில் சேர்ந்த அவர், சக மாணவர்களிடம் கடமையுணர்வை வளர்க்க ‘கர்த்தவ்ய போதினி சமிதி’யை நிறுவினார். ஒடிசாவின் ஆறுகள் பெருக்கெடுத்துக் கிராமங்களை மூழ்கடித்தபோது நண்பர்களுடன் நிவாரணப் பணிக்கு விரைந்தார். அத்தகைய ஒரு வேளையில், தம் மகன் கடும் நோயுற்றிருக்கும் செய்தி அவரை எட்டியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பலர் இருக்கின்றனர், வெள்ளத்தில் தவிப்போருக்கோ எவருமில்லை என்று எண்ணிய அவர், மகனை ஜகந்நாதரிடம் ஒப்படைத்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த முடிவு சரியா என்று வாசிப்போர் மனம் இன்றும் தயங்கலாம். தயங்குவதில் தவறில்லை, எல்லோருக்கும் விதிக்கத்தக்க நெறியன்று அது. 1906-இல் அவர் சட்டப்படிப்பை முடித்த வேளையில் மனைவியும் மறைந்தார். மனைவியையும் மூன்று மகன்களையும் இழந்தபோது அவருக்கு வயது 28. எஞ்சிய இரு பெண்மக்களைத் தமையனாரின் பொறுப்பில் விட்டு, குடும்பச் சொத்தில் தம் பங்கையும் அவரிடமே ஒப்படைத்தார். இழப்பு சிலரை உள்ளொடுங்கச் செய்யும்; கோபபந்துவையோ அது பிறர் பிள்ளைகளுக்குத் தந்தையாக்கிற்று.

மகிழ மர நிழலில்

1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள், பூரிக்கு அருகே சாக்ஷிகோபாலில், மகிழ மரங்கள் அடர்ந்த தோப்பில் சத்யவாதி வன வித்யாலயம் தோன்றியது. நீலகண்ட தாஸ், ஆசார்ய ஹரிஹர தாஸ், கோதாவரீச மிஸ்ரா, கிருபாசிந்து மிஸ்ரா ஆகிய அறிஞர்கள் அங்கு ஆசிரியப் பணியை ஏற்றனர். உயர்பதவிகளை நாடக்கூடிய தகுதி இருந்தும், அவர்கள் எளிய வாழ்வையே தேர்ந்தனர்.

மரத்தடியே வகுப்பறை. பாடத்தோடு தோட்டவேலையும் கைத்தொழிலும் நடந்தன. சுற்றுப்புற ஊர்களில் கொள்ளைநோயோ வெள்ளமோ வந்தால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே தொண்டுக்குப் புறப்பட்டனர். அவர்களுக்குத் தொண்டு, படிப்பு முடிந்த பிறகு செய்யும் உபரி வேலையன்று. படிப்பின் ஓர் அங்கம். நோயாளியின் அருகில் அமரும் சிறுவன் அருவருப்பை வெல்கிறான். வெள்ளம் சூழ்ந்த ஊரில் அரிசி பகிரும் சிறுவன், பசிக்குச் சாதியில்லை என்று உணர்கிறான். இவற்றை வாய்ச்சொல்லால் மட்டும் கற்பித்துவிட இயலாது.

இந்தக் கல்விக்கு எதிர்ப்பும் எழுந்தது. அந்தணர் குடியிருப்புகள் நிறைந்த அப்பகுதியில், சாதி வேற்றுமையின்றி எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதை வைதிகர்களால் பொறுக்க முடியவில்லை. பள்ளியின் கூரைவீடு ஒன்று தீக்கு இரையாயிற்று. கோபபந்து, தாமே அந்தணர் குலத்தில் பிறந்தவராயினும், அந்தப் பந்தியைக் கலைக்கவில்லை. வகுப்புகள் மரத்தடியில் தொடர்ந்தன.

1919-இல் ‘சமாஜ்’ இதழைத் தொடங்கி மக்களின் துயரை நாடறியச் செய்தார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வித்யாலயம் தேசியப் பள்ளியாக மாறியது. அண்ணல் காந்தியடிகளும் அங்கு வருகை தந்தார். அரசின் உதவி நீங்கியது. கோபபந்து ஹஜாரிபாக் சிறையில் அடைக்கப்பட்டார். பொருள்முடை பெருகி, 1926-இல் பள்ளி மூடப்பட்டது. 1928 ஜூன் 17-ஆம் நாள், தமது 50-ஆம் வயதில் அவர் மறைந்தார். ‘சமாஜ்’ இதழையும் அச்சகத்தையும் லாலா லஜபதிராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்திற்கு எழுதிவைத்திருந்தார்.

பள்ளி பதினேழு ஆண்டுகளே நடந்தது. ஆயினும் அது விட்டுச்சென்ற பாடம் தெளிவானது. இன்று பல பள்ளிகளில் மாணவர் சமூகப்பணி செய்த நேரம் பதிவேட்டில் குறிக்கப்படுகிறது, நற்சான்றிதழும் தரப்படுகிறது. அது நல்லதே. ஆனால், சத்யவாதிச் சிறுவர்கள் நோயாளியின் குடிசைக்குள் நுழைந்தபோது, அவர்களுக்கு முன்பே அவர்களுடைய ஆசிரியர் உள்ளே சென்றிருந்தார். சிறுவர்களைத் தொண்டுக்கு அனுப்பும் நாம், அவர்களுக்கு முன்னே நடக்கிறோமா?