கோகோ தோட்டத்திலிருந்து மந்திரி பதவிக்கு

1946-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. பாரீஸ் நகரில் கூடியிருந்த பிரெஞ்சு அரசியல் நிர்ணய சபையில் ஒரு சட்டம் நிறைவேறியது. மிகச் சிறிய சட்டம். பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட கடல் கடந்த நாடுகளில் கட்டாய வேலை வாங்குவது இனி கூடாது என்பதே அதன் சாரம்.

அதைக் கொண்டு வந்தவர் ஒரு கறுப்பு மனிதர். பெயர் பெலிக்ஸ் ஊப்வே புவாஞி. அவருக்கு அப்போது வயது 40. இன்றைக்கும் அந்தச் சட்டத்துக்கு அவர் பெயர்தான்.

பிற்காலத்தில் ஐவரி கோஸ்ட் நாட்டின் முதல் ஜனாதிபதியாகி, 33 ஆண்டுகள் அந்த நாற்காலியை விட்டு இறங்காமல் இருந்தவர் இவர். ஆனால் இவர் கதை தொடங்குவது அரண்மனையில் அல்ல. ஆஸ்பத்திரியிலும் கோகோ தோட்டத்திலும்தான்.

டாக்டர் வேலை

1905-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி யமுசுக்ரோ என்ற கிராமத்தில் பிறந்தார். பவுலே இனத்தவர். தலைவர் பரம்பரை. செனகல் நாட்டில் உள்ள டாக்கர் நகரில் வைத்தியம் படித்து 1925-ல் தேறினார். பிரெஞ்சுக்கார டாக்டருக்கு ஒரு அந்தஸ்து, ஆப்பிரிக்க டாக்டருக்கு வேறு அந்தஸ்து. படிப்பிலேயே அந்தப் பிரிவு இருந்தது. சம்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அபங்குரூ என்ற ஊருக்கு மாற்றல் ஆனார். அது கோகோ விளையும் சீமை. நாடித் துடிப்பைப் பார்க்க வந்த டாக்டர், குடியானவர்களின் வயிற்றெரிச்சலையும் பார்த்தார். வியாபாரிகள் விலையை அடித்துப் பிடுங்கினார்கள். 1932-ல் தம் பெயரை மறைத்துக் கொண்டு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் அப்படித்தானே எழுத முடியும்?

சகோதரர் இறந்த பிறகு வட்டாரத் தலைவர் பதவி இவருக்கு வந்தது. கூடவே காபி, கோகோ தோட்டங்களும் வந்தன. நாட்டின் பெரிய ஆப்பிரிக்கத் தோட்டக்காரர்களில் ஒருவர் ஆனார்.

ஆள் பிடிக்கும் கொடுமை

கோகோ விவசாயத்தில் அறுவடை நேரம்தான் உயிர். காய் பழுத்ததும் வெட்ட வேண்டும். உடைத்து, விதையை எடுத்து, வாழை இலையில் மூடிச் சில நாட்கள் புளிக்க வைக்க வேண்டும். பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும். எல்லாம் ஆள் வேலை. ஆள் இல்லாவிட்டால் காய் மரத்திலேயே அழுகும்.

அந்த ஆளைத்தான் பிரெஞ்சு அதிகாரிகள் பிடித்துக் கொண்டு போனார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் என்று தலைவருக்கு உத்தரவு வரும். ரோடு போட, மரம் வெட்ட, வெள்ளைக்காரத் தோட்டத்தில் களை எடுக்க என்று அனுப்புவார்கள். கூலி பெயருக்குத்தான். சொந்தத் தோட்டம் வைத்திருந்தவனையும் விடவில்லை. அவன் தோட்டத்தில் காய் அழுகும். அவன் துரையின் தோட்டத்தில் காய் வெட்டுவான்.

வடக்கே அப்பர் வோல்ட்டா என்று ஒரு வறண்ட நாடு. இன்று அதன் பெயர் புர்க்கினா பாசோ. ஜனம் அதிகம், விளைச்சல் குறைவு. 1932-ல் அந்த நாட்டையே கூறு போட்டு, பெரும்பகுதியை ஐவரி கோஸ்ட்டுடன் சேர்த்து விட்டார்கள். தோட்டங்களுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது அதற்கு முக்கிய காரணம். 1947-ல்தான் அது மறுபடி தனி நாடாக ஒட்ட வைக்கப்பட்டது.

1944-ல் ஊப்வே ஆப்பிரிக்க விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, கறுப்பருக்கு ஒரு விலை என்பது ஒழிய வேண்டும், ஆள் பிடிப்பது நிற்க வேண்டும் என்பது கோரிக்கை. நல்லவேளையாக அப்போதைய கவர்னர் லாத்ரி இவர்களுக்கு அனுகூலமாக இருந்தார்.

வெறும் மனுப் போட்டுவிட்டுச் சங்கம் சும்மா இருக்கவில்லை. பிடிக்காமலே ஆள் வரும் என்று காட்டியது. வடக்கே கொரோகோ ஊரின் பெரிய தலைவர் போன் குலிபாலியின் உதவியோடு, மனம் ஒப்பி வரும் ஆட்களைத் தெற்கே கொண்டு வந்தார்கள். நல்ல கூலி உண்டு. விளைச்சலில் வாரமும் உண்டு என்றார்கள். ஆட்கள் வந்தார்கள். கட்டாயம் இல்லாவிட்டால் கறுப்பன் வேலை செய்ய மாட்டான் என்று சொல்லி வந்த துரைமார்களின் வாய் அடைத்தது.

1945-ல் மயிரிழையில் தேர்தலில் ஜெயித்துப் பாரீஸ் போனார். தம் பெயருடன் புவாஞி என்று சேர்த்துக் கொண்டார். பவுலே மொழியில் அதற்கு ஆட்டுக்கடா என்று பொருள். அடுத்த ஏப்ரலில்தான் அந்தச் சட்டம்.

துப்பாக்கியும் சமரசமும்

பாராளுமன்றத்தில் இவருடைய கட்சி கம்யூனிஸ்டுகளுடன் சேர்ந்து நின்றது. பிரெஞ்சு சர்க்காருக்குப் பொறுக்கவில்லை. கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1949 டிசம்பரில் பெண்கள் திரண்டு கிராண்ட் பாசாம் சிறையை நோக்கி ஊர்வலம் போனார்கள். 1950 ஜனவரியில் திம்போக்ரோ ஊரில் துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் செத்தார்கள்.

ஊப்வே கணக்குப் போட்டார். அதே ஆண்டு கம்யூனிஸ்டுகளுடன் உறவை முறித்தார். அந்தப் பேச்சுவார்த்தையில் பிரெஞ்சுத் தரப்பில் இருந்த மந்திரி, பின்னாளில் ஜனாதிபதியான மித்தரான். சரணாகதி என்று சிலர் ஏசினார்கள். சாமர்த்தியம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

1956-ல் பிரான்சிலேயே மந்திரி ஆனார். அடுத்தடுத்து வந்த மந்திரி சபைகளிலும் நீடித்தார். 1957-ல் சுகாதார இலாகா கிடைத்தது. ஒரு காலத்தில் அரைகுறை டாக்டர் என்று முத்திரை குத்தப்பட்டவர், பிரெஞ்சு டாக்டர்களுக்கெல்லாம் மந்திரி!

அதே 1957-ல் பக்கத்து நாடான கானா சுதந்திரம் பெற்றது. அதன் தலைவர் நிக்ருமா அபிஜான் வந்தபோது இருவரும் ஒரு பந்தயம் போட்டார்கள். பத்து ஆண்டு கழித்து யார் நாடு முன்னேறியிருக்கிறது என்று பார்ப்போம் என்பது பந்தயம். பத்து ஆண்டு முடியுமுன், 1966-ல், நிக்ருமாவை ராணுவம் கவிழ்த்து விட்டது.

தோட்டமே நாடு

1960 ஆகஸ்டு 7-ந் தேதி ஐவரி கோஸ்ட் சுதந்திர நாடானது. புதிய ஜனாதிபதி தோட்டக்காரராகவே ஆட்சி செய்தார். காட்டைத் திருத்திப் பயிர் செய்கிறவனுக்கே நிலம் என்றார். வெளிநாட்டான், உள்நாட்டான் என்று பார்க்கவில்லை. புர்க்கினாவிலிருந்தும் மாலியிலிருந்தும் ரெயிலிலும் லாரியிலும் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு ஓட்டுக்கூட இருந்தது. ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போனவர்களுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்பது நமக்குத் தெரியும்.

சுதந்திரத்தின்போது ஒரு லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த கோகோ, 1980-களின் இறுதியில் 7 லட்சம் டன்னைத் தாண்டியது. கானாவைப் பின்னுக்குத் தள்ளி உலகில் முதல் இடம்.

கோகோவுக்குக் கிலோ இன்ன விலை என்று சர்க்கார் வாரியம் அறிவிக்கும். உலகச் சந்தையில் கூடுதலாகக் கிடைப்பது சர்க்காருக்கு. ரோடும் பள்ளிக்கூடமும் அதில் வந்தன. வேண்டியவர்களின் பையும் அதில்தான் நிறைந்தது. தமக்குச் சுவிட்சர்லாந்தில் பணம் உண்டு என்று 1983-ல் அவரே பகிரங்கமாகச் சொன்னார்.

எதிர்க்கட்சி கிடையாது. 1963-ல் சதி என்று சொல்லிப் பலரைச் சிறையில் போட்டார்கள். எர்னஸ்ட் போக்கா என்ற முன்னாள் மந்திரி 1964-ல் சிறையிலேயே இறந்தார். அந்தச் சதி பொய் என்று ஊப்வே பின்னர் ஒப்புக் கொண்டார். போன உயிர் திரும்பவில்லை.

விலை விழுந்தது

1980-களில் கோகோ விலை சரிந்தது. 1987-ல் கடன் தவணையை நிறுத்தினார். கோகோவை விற்காமல் தேக்கி வைத்து உலக வியாபாரிகளைப் பணிய வைக்கப் பார்த்தார். முடியவில்லை. 1989-ல் குடியானவனுக்குக் கொடுக்கும் விலை கிலோ 400 பிராங்கிலிருந்து 200-க்கு இறங்கியது. சரிபாதி.

அந்தச் சமயத்தில்தான் சொந்த ஊரான யமுசுக்ரோவில் மாபெரும் மாதா கோவில் எழும்பி முடிந்தது. 1990 செப்டம்பரில் போப்பாண்டவர் வந்து அர்ச்சித்தார். அந்த ஆண்டே மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்ததால், பல கட்சித் தேர்தலுக்கு இணங்கினார். அதிலும் ஜெயித்தார்.

1993 டிசம்பர் 7-ந் தேதி காலமானார். யமுசுக்ரோவில் அடக்கம் நடந்தது.

அடுத்த ஆண்டே வெளிநாட்டார் ஓட்டு போயிற்று. 1998-ல் வந்த சட்டம், நிலம் சொந்த நாட்டாருக்கு மட்டும் என்றது. 1999 நவம்பரில் தென்மேற்கே தாபூ வட்டாரத்தில் மூண்ட கலகத்தில், அவர் நம்பிக்கை கொடுத்து வரவழைத்த புர்க்கினாக்காரர்களில் ஆயிரக்கணக்கானவர்கள், தாங்கள் நட்டு வளர்த்த கோகோ மரங்களை விட்டு, கையில் கிடைத்ததை எடுத்துக் கொண்டு ஓட வேண்டியதாயிற்று.